வேலைக்குத் தயாராகும்வரை காத்திருக்காதீர்கள்

சிறப்புத் தேவையுள்ள மாணவர்களின் கோப்புகளில் அடிக்கடி தென்படும் வரி ஒன்று உண்டு: "இன்னும் வேலைக்குத் தயாராகவில்லை." எந்த வேலைக்கு, எந்த இடத்தில், யாருடைய உதவியோடு என்பதெல்லாம் அதில் இருக்காது. இருக்காததால்தான் அந்த வரியை யாராலும் மறுக்க முடிவதில்லை. அடுத்த ஆண்டும் அதே வரி, அதே மெழுகுவர்த்திப் பயிற்சி, காகிதப் பை ஒட்டும் அதே மேசை.

முதலில் பயிற்சி, பிறகு வேலை என்ற வரிசை யாருக்குப் பொருந்தும்? ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குச் சிரமமில்லாமல் எடுத்துச்செல்பவர்களுக்கு. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் ஆட்டிசம் உள்ள பலருக்கும் கடினமே அந்த இடம்மாற்றம்தான். வகுப்பறையில் பத்துத் துண்டுகளை அழகாக மடிப்பவர், இயந்திர இரைச்சலுக்கு நடுவே சூடான துணிகள் குவிந்துகொண்டே இருக்கும் சலவைக்கூடத்தில் திகைத்து நின்றுவிடுவார். அவரைப் பொறுத்தவரை அது புதிய வேலை. 1980-களில் அமெரிக்காவில் பரவத் தொடங்கிய ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு முறை இதனால்தான் வரிசையைப் புரட்டியது: முதலில் வேலையிடம், பிறகு அந்த இடத்திலேயே பயிற்சி.

அதற்கும் முன்பே, 1970-களின் தொடக்கத்தில், மார்க் கோல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவுசார் குறைபாடுள்ள பதின்வயதினருக்கு 15 உறுப்புகள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். பிறகு 24 உறுப்புகள் கொண்ட இன்னொரு பிரேக். இவர்களால் இது முடியும் என்று அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை. உறுப்பைச் சரியாக வைத்தால் எந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமோ, அந்தப் பக்கத்தில் மட்டும் வண்ணம் பூசிப் பார்த்தார். வண்ணமிட்ட உறுப்புகளோடு கற்றவர்கள் விரைவாகக் கற்றார்கள். மாணவரை ஆராய்வதை விட்டு வேலையை ஆராயத் தொடங்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

எப்போது தொடங்குவது

13, 14 வயதில். இங்கிலாந்தில் சிறப்புக் கல்வித் திட்டம் உள்ள மாணவர்களுக்கு ஒன்பதாம் ஆண்டிலிருந்தே, அதாவது 13-14 வயதிலேயே, பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றிய திட்டமிடல் தொடங்கியாக வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 16 வயதைக் கெடுவாக வைக்கிறது. 16 தாமதம் என்பது என் எண்ணம். நான்கைந்து வகை வேலைகளை நேரில் செய்துபார்க்க, தனியாகப் பயணம் செய்யக் கற்க, வீட்டில் மற்றவர்கள் செய்துதரும் காரியங்களை ஒவ்வொன்றாகத் தானே செய்யப் பழக மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிவிடும். கடைசி ஆண்டில் தொடங்கினால், எந்தப் பயிற்சி மையத்தில் இடம் காலியாக இருக்கிறதோ அதுவே அவருடைய 'விருப்பத் துறை' ஆகிவிடும்.

விருப்பத்தைக் கேட்டு அறிய முடியாது

"என்ன வேலைக்குப் போக ஆசை?" என்ற கேள்விக்கு வரும் பதிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். பார்த்திராத வேலையை யாராலும் விரும்ப முடியாது. இதற்கு மேல் இரண்டு தொல்லைகள். கேள்வி எதுவானாலும் "ஆமாம்" என்று சொல்லிப் பழகியவர்கள் பலர். இரண்டு தெரிவுகள் கொடுத்தால் கடைசியாகக் காதில் விழுந்ததையே திருப்பிச் சொல்பவர்கள் சிலர். இதைக் கண்டுபிடிப்பது எளிது. இரண்டு வேலைகளின் புகைப்படங்களைக் காட்டிக் கேளுங்கள். வேறொரு நாளில் இடவலம் மாற்றி வைத்து அதையே கேளுங்கள். பதில் மாறினால் அவர் தேர்ந்தது இடத்தை, வேலையை அல்ல.

நம்பகமான தகவல் செய்துபார்ப்பதில் கிடைக்கும். ஒவ்வொரு வேலையிடத்திலும் ஒரே நாளோடு முடிக்காமல் மூன்று நான்கு அமர்வுகள், முதலில் அரை மணி, பிறகு இரண்டு மணி நேரம். முதல் நாள் காட்டுவது பெரும்பாலும் பதற்றத்தை, அல்லது புதுமையின் உற்சாகத்தை. கவனித்துக் குறிக்க வேண்டியவை: யாரும் சொல்லாமலே எதை நோக்கிப் போகிறார், எத்தனை நிமிடத்துக்குப் பிறகு கை தளர்கிறது, எந்தச் சத்தத்துக்குத் தலை திரும்புகிறது, தவறு நேர்ந்தால் நிறுத்துகிறாரா, மறைக்கிறாரா, யாரையாவது பார்க்கிறாரா. ஓர் எச்சரிக்கை: வேலையைப் பிடித்திருப்பதும், அங்கே உள்ள ஓர் ஆளைப் பிடித்திருப்பதும் வெளியிலிருந்து ஒன்றுபோலவே தெரியும். அந்த ஆள் விடுப்பில் இருக்கும் நாளில் ஓர் அமர்வு வைத்தால் தெளிவாகிவிடும்.

இவற்றையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிவையுங்கள். குறைபாட்டின் பெயரை மட்டும் எழுதினால் முதலாளிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. "ஆட்டிசம், மிதமான நிலை" என்ற குறிப்பை வைத்துக்கொண்டு ஒரு மேற்பார்வையாளர் என்ன செய்வார்? "ஒரே நேரத்தில் ஓர் உத்தரவுதான், எழுதியோ படமாகவோ கொடுத்தால் மறப்பதில்லை. பின்னாலிருந்து தோளைத் தொட்டால் திடுக்கிடுவார், முன்னால் வந்து கூப்பிடுங்கள். 90 நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிட ஓய்வு போதும். எண்களை ஒப்பிடுவதில் தவறு வருவதில்லை." இப்படி எழுதினால் அவருக்கு முதல் நாளே கைகொடுக்கும்.

வேலையைப் பிரித்துப் பார்த்தல்

மாணவர் போவதற்கு முன் வேலைப் பயிற்றுநர், அதாவது வேலையிடத்தில் உடனிருந்து கற்றுக்கொடுப்பவர், அந்த வேலையைக் குறைந்தது ஒரு முழு ஷிஃப்ட் தானே செய்ய வேண்டும். ஓரத்தில் நின்று பார்த்தால் போதாது. செய்யும்போதுதான் பிரதான வேலைக்கு நடுவே எப்போதாவது வரும் வேலைகள் தெரியும்: டேப் தீர்ந்தால் எங்கே எடுப்பது, ஸ்கேனர் நின்றுபோனால் யாரிடம் சொல்வது, நிரம்பிய குப்பைக் கூடையை யார் மாற்றுவது. தினமும் நூறு முறை செய்யும் வேலையை மாணவர் கற்றுவிடுவார். வாரம் ஒருமுறை வரும் இவைதான் அவரை நிலைகுலைய வைக்கும், யாரும் கற்றுத்தராததால்.

ஓர் எடுத்துக்காட்டு. கடை அலமாரியில் சரக்கு அடுக்கும் வேலை. "பழைய தேதி முன்னால், புதிய தேதி பின்னால்" என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். பிரித்தால் இப்படி வரும்: 1. தள்ளுவண்டியை அலமாரிக்கு முன்னால் நிறுத்தி பிரேக் போடு. 2. மேலே இருக்கும் பெட்டியை எடு. 3. பெட்டியின் படமும் அலமாரி லேபிளும் ஒன்றா என்று பார். 4. அலமாரியில் இருக்கும் பொருள்களை எடுத்து வண்டியின் காலித் தட்டில் வை. 5. பெட்டியைத் திற. 6. புதியவற்றைப் பின்சுவரில் தொடும்படி அடுக்கு. 7. தட்டில் வைத்த பழையவற்றை அவற்றுக்கு முன்னால் அடுக்கு. 8. எல்லாவற்றின் முகப்பையும் வெளிப்பக்கம் திருப்பு. 9. காலிப் பெட்டியைத் தட்டையாக்கு. 10. வண்டியின் கீழ்த்தட்டில் போடு.

இந்தப் பட்டியலில் "தேதியைச் சரிபார்" என்ற படி வேண்டுமென்றேதான் இல்லை. அதை ஒரு படியாக எழுதினால் அதற்குள் நான்கு திறன்கள் ஒளிந்திருக்கும்: தேதி எங்கே அச்சிட்டிருக்கிறது என்று தேடுவது, மங்கலான எழுத்தைப் படிப்பது, எது மாதம் எது ஆண்டு என்று பிரிப்பது, இரண்டு தேதிகளை ஒப்பிடுவது. பெரும்பாலான மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். உடனே ஆசிரியர்கள் வகுப்பில் மூன்று மாதம் தேதி ஒப்பிடப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். தேவையில்லை. 'வண்டியில் வந்தது பின்னால், அலமாரியில் இருந்தது முன்னால்' என்ற விதி, இடத்தை வைத்தே முடிவெடுக்க வைக்கிறது. புதிதாக வந்த சரக்கின் தேதி அலமாரியில் இருப்பதைவிட முந்தியதாக அமையும் அரிதான நாளில் இந்த விதி பொய்க்கும். அதற்குச் சரக்கை வாங்கி வைக்கும் ஊழியர் அந்தப் பெட்டியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். சிவப்பு ஒட்டியதைத் திறக்காமல் மேற்பார்வையாளரிடம் கொண்டுபோவது என்று இன்னொரு விதி. அந்த ஊழியர் எப்படியும் தேதியைப் பார்த்துத்தான் சரக்கை வாங்குகிறார்.

எத்தனை படிகள் என்பதற்கு அளவு கிடையாது. ஒருவருக்கு 10, இன்னொருவருக்கு 25. ஒரே படியில் மூன்று நாள் தொடர்ந்து நின்றுவிட்டால் அந்தப் படியை இரண்டாக உடையுங்கள், அல்லது அந்தப் படியே தேவைப்படாதபடி பொருளையோ இடத்தையோ மாற்றுங்கள். எண்ணிப் பாக்கெட் போடும் வேலையில் எண்ணிக்கை தவறுகிறதா? ஒரு பலகையில் 12 குழிகள்; எல்லாக் குழியும் நிறைந்தால் 12. எண்ணத் தெரியாதவரும் பிழையில்லாமல் போடுவார்.

உதவி செய்வதைவிட அதை விலக்குவது கடினம்

பிராம்ப்ட் எனப்படும் தூண்டுதல்களைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிப்பார்கள்: கையைப் பிடித்துச் செய்யவைப்பது, செய்துகாட்டுவது, சைகை, சொல். சொல்தான் மென்மையான உதவி என்று பலர் எண்ணுகிறார்கள். நடைமுறையில் விலக்கக் கடினமானது அதுவே. "அடுத்து என்ன?" என்று ஒவ்வொரு படிக்கும் கேட்டுக்கொண்டே நின்றால், அந்தக் கேள்வியே வேலையின் ஒரு படியாகப் பதிந்துவிடும், கேட்காவிட்டால் கை நகராது. சைகையைப் படிப்படியாகச் சுருக்கலாம்: முழுக் கை நீட்டுவது, பிறகு விரல், பிறகு பார்வை, பிறகு ஒன்றுமில்லை. சொல்லை அப்படிச் சுருக்குவது கடினம்.

உதவுவதற்கு முன் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரும்பாலான பயிற்றுநர்கள் இரண்டாவது நொடியிலேயே பேசிவிடுகிறார்கள். யோசிக்க நேரம் தேவைப்படும் மாணவர் யோசித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது. சில மாணவர்களுக்கு ஐந்து நொடியும் போதாது, பத்து வேண்டியிருக்கும். ஆனால் கை தவறான பொருளை நோக்கிப் போகும்போது காத்திருக்கக் கூடாது. உடனே தடுத்துச் சரியானதைக் காட்டுங்கள். இரண்டு மூன்று முறை தவறாகச் செய்துவிட்டால் தவறும் பாடத்தில் சேர்ந்துகொள்ளும், பிறகு அதை அழிக்க வேறு பாடு பட வேண்டும்.

படிகளின் பட்டியலை அப்படியே பதிவுத்தாளாக்குங்கள். தானே செய்தால் '+', சொன்னால் 'சொ', சைகை காட்டினால் 'சை', செய்துகாட்டினால் 'செ', கையைப் பிடித்தால் 'கை'. பத்துப் படியில் ஏழு '+' என்றால் 70 சதவீதம். அந்த எண்ணை மட்டும் பார்ப்பது வீண். நெடுக்காகப் பாருங்கள்: எந்தப் படியில் தினமும் '+' விழவில்லை? கற்றாயிற்று என்று சொல்ல என் அளவுகோல், எல்லாப் படிகளும் தொடர்ந்து மூன்று நாள் உதவியின்றி, அதில் ஒரு நாளாவது பயிற்றுநர் கண்ணில் படாத இடத்தில் இருக்கும்போது.

இந்தக் கடைசி நிபந்தனைதான் பலருடைய பதிவுகளைக் கவிழ்க்கும். பக்கத்தில் நின்றபோது 100 சதவீதம், அடுத்த அறைக்குப் போனதும் 60. காரணம், பயிற்றுநர் தன்னை அறியாமலே குறிப்புக் கொடுத்திருப்பார்: அடுத்த பெட்டியைப் பார்ப்பது, தவறு வரும் தருணத்தில் உடலை அசைப்பது, சரியாகச் செய்தவுடன் தலையாட்டுவது. ஆகவே விலகலுக்கு முதல் நாளே திட்டம் வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி, மூன்று மீட்டர், முதுகுப் பக்கம், அறைக்கு வெளியே, ஒரு மணி நேரம் இல்லாமல், ஒரு நாள் இல்லாமல். எண் சரிந்தால் ஒரு படி மட்டும் திரும்பி வாருங்கள், முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

சக ஊழியர்கள் பயிற்றுநரிடமே பேசுவார்கள், மாணவரிடம் பேச மாட்டார்கள். "அவரை இதைச் செய்யச் சொல்லுங்க" என்று வந்து நிற்பார்கள். ஒவ்வொரு முறையும் "நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க, இந்த அட்டையைக் காட்டிச் சொன்னா புரியும்" என்று திருப்பிவிட வேண்டும். முதல் வாரத்தில் இதைச் செய்யாவிட்டால் பயிற்றுநர் மொழிபெயர்ப்பாளராகவே அங்கே நிலைத்துவிடுவார், அவர் போன அன்றே மாணவர் தனித்துப்போவார்.

வேகம்? அது பிறகு. முதலில் பிழையின்மை. இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் இரண்டும் கிடைக்காது. அனுபவமுள்ள ஊழியர் 20 நிமிடத்தில் எவ்வளவு செய்கிறார் என்று அளந்து, மாணவரின் அளவை அதோடு வாரம் ஒருமுறை ஒப்பிடுங்கள். "சீக்கிரம், சீக்கிரம்" என்பது யாரையும் வேகப்படுத்தியதில்லை. பொருள்களைக் கைக்கு எட்டும் தூரத்தில் வரிசையாக வைப்பது வேகப்படுத்தும்.

வேலையைச் சுற்றி இருப்பவை

வேலை தெரிந்தும் வேலையை இழப்பவர்களைப் பார்த்தால், சிக்கல் பெரும்பாலும் ஓய்வு நேரத்தில் தொடங்கியிருக்கும். வேலை நேரத்துக்குப் படிகள் உண்டு, மேற்பார்வை உண்டு. சாப்பாட்டு இடைவேளைக்கு இரண்டும் இல்லை. எங்கே உட்காருவது, யாருடைய நாற்காலி அது, எவ்வளவு நேரம் பேசலாம், எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது, எப்போது எழுந்திருப்பது. இதற்கும் ஒரு பட்டியல் எழுதுங்கள். ஃபோனில் 25-ஆவது நிமிடத்துக்கு அதிரும் அலாரம். பேச விருப்பமில்லாதவர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்காரலாம் என்பதையும் சக ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

உதவி கேட்பதைத் தனிப் பாடமாக எடுக்க வேண்டும், அதுவும் உண்மையான தட்டுப்பாட்டை வைத்து. டேப்பை வேண்டுமென்றே தீர விடுங்கள். நிறுத்துவது, இன்னாரிடம் போவது, "டேப் தீர்ந்துவிட்டது" என்று சொல்வது: மூன்று படிகள். பேச இயலாதவர் காலிச் சுருளை நீட்டினாலும் அது முழுமையான வாக்கியம்தான்.

பயணப் பயிற்சியிலும் இதே முறைதான். வழி தெரிவது பாதி. வண்டி வராதபோது, நிறுத்தத்தைத் தவறவிட்டபோது, ஃபோனில் சார்ஜ் இல்லாதபோது என்ன செய்வது என்பது மறுபாதி. பின்னால் ஒருவர் தொலைவில் வர, ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கவைத்துப் பழக்குங்கள். இந்தப் பகுதியில் பெற்றோரின் பயம் நியாயமானது. அதை அறிவுரையால் போக்க முடியாது. பதிவுத்தாளைக் காட்டினால் கொஞ்சம் குறையும்.

வீட்டில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: மாதத்துக்கு ஓர் உதவியை நிறுத்துவது. முதல் மாதம் எழுப்பிவிடுவதை, அடுத்து துணி எடுத்துவைப்பதை. வேலையிடத்தில் தாமதமாக வருகிறார் என்ற புகாரின் வேர் பெரும்பாலும் இங்கே இருக்கிறது.

பார்வை, செவி, உடல் இயக்கக் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு மேலே சொன்ன படிமுறையில் பெரும்பகுதி தேவைப்படாது. திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பான், கண் சிமிட்டும் எச்சரிக்கை விளக்கு, உயரம் மாற்றக்கூடிய மேசை போன்றவற்றைப் பள்ளிக் காலத்திலேயே பழகி, தானே கேட்டுவாங்கத் தெரிந்திருந்தால் போதும். எழுத்தைப் படிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு எழுத்துவழி உத்தரவைக் குரல்பதிவாக மாற்றுவது பல இடங்களில் சிக்கலைத் தீர்த்துவிடும்.

இன்டர்வியூ வேண்டாம், செய்துகாட்டட்டும்

"ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு உங்களை எங்கே காண்கிறீர்கள்?" அலமாரி அடுக்கும் வேலைக்கு இந்தக் கேள்வியால் எதையும் அளக்க முடியாது. இதற்குப் பதிலாக இரண்டு மணி நேரம் வேலை செய்துகாட்ட அனுமதி கேளுங்கள். நேர்காணல் தவிர்க்க முடியாதது என்றால் கேள்விகளை ஒரு நாள் முன்னதாக எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாணவர் வேலை செய்யும் ஒன்றரை நிமிட வீடியோ ஒன்று கையில் இருக்கட்டும்.

நிறுவனத்திடம் கருணை கேட்டுப் போகாதீர்கள். 1996-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கிய 'ப்ராஜெக்ட் சர்ச்' திட்டத்தின் பின்னணி இங்கே கவனிக்கத்தக்கது. அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவப் பொருள்களை நிரப்பி வைக்கும் வேலையில் யாரும் நிலைக்கவில்லை, ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பிரிவை நிர்வகித்த எரின் ரீலி, வளர்ச்சிக் குறைபாடுள்ள இளைஞர்களை அந்த வேலைக்கு எடுத்துப் பயிற்சி தரலாமே என்று யோசித்தார். மருத்துவமனைக்கு ஒரு தேவை இருந்தது, அதிலிருந்து திட்டம் பிறந்தது. இன்று பல நாடுகளில் நடக்கும் அதன் வடிவத்தில் மாணவர்கள் பள்ளியின் கடைசி ஆண்டை முழுக்க ஒரு நிறுவனத்துக்குள்ளேயே கழித்து, பொதுவாக மூன்று பிரிவுகளில் மாறி மாறி வேலை செய்கிறார்கள்.

பயிற்சிக்கு முடிவுத் தேதி எழுத்தில் இருக்க வேண்டும். மற்றவர்கள் சம்பளம் வாங்கிச் செய்யும் வேலையை ஒருவர் 'பயிற்சி' என்ற பெயரில் இலவசமாக ஆண்டுக்கணக்கில் செய்துகொண்டிருந்தால் அது சுரண்டல், எவ்வளவு அன்பாக நடத்தினாலும். ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் (2006) 27-ஆவது பிரிவு, தானே தேர்ந்த வேலையால் பிழைக்கும் உரிமையைப் பேசுகிறது. தனித்து ஒதுக்கப்பட்ட பட்டறைகள் அந்த உரிமையை நிறைவேற்றுவதாகாது என்று அதன் குழு 2022-இல் விளக்கமும் தந்தது. சம்பளம் வரத் தொடங்கினால் உதவித்தொகை குறையுமா, நிற்குமா என்பதைச் சேருவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். இரண்டாவது மாதத்தில் தெரியவந்தால் குடும்பமே வேலையை விட்டுவிடச் சொல்லும்.

சேர்ந்த பிறகு முதல் வாரம், முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று நேரில் போய்ப் பார்ப்பது வழக்கம். நாள்காட்டியைவிட முக்கியமானது, மேற்பார்வையாளர் மாறும் நாள். பழையவருக்கு மாணவரின் பழக்கவழக்கம் எல்லாம் தெரியும், ஆனால் எதுவும் எழுதியிருக்காது. புதியவர் வந்து முதல் நாளே மேசையை இடம் மாற்றுவார், பின்னாலிருந்து தோளைத் தட்டுவார். அதனால் அந்த ஒரு பக்கக் குறிப்பின் பிரதி வேலையிடத்துக் கோப்பிலும் இருக்கட்டும். மேற்பார்வையாளர் மாறப்போகிறார் என்றால் ஒரு வாரம் முன்னதாக யார் யாருக்கு ஃபோன் செய்ய வேண்டும் என்பதை அதன் அடியில் எழுதிவிடுங்கள்.